மைனஸ் 28-ல் ஸ்டார்ட் ஆகி, பத்தே நிமிடத்தில் அணைந்துபோன டிராக்டர்

தம்பி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து, கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை. இதுதான் முதல் குளிர்காலம். அன்று காலை மைனஸ் 28 டிகிரி. இரவு முழுக்க பிளாக் ஹீட்டரை (இன்ஜினைச் சூடாக வைக்கும் மின் ஹீட்டர்) பிளக்கில் செருகி வைத்திருந்ததால் டிராக்டர் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது. பத்து நிமிடம் நன்றாக ஓடியது. பேல் எனப்படும் பெரிய புல் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடுகளிடம் போகும் வழியில் இழுவை குறைந்து, விக்கி விக்கி அணைந்துவிட்டது. அப்புறம் எவ்வளவு சுற்றியும் பிடிக்கவில்லை. பேட்டரி போய்விட்டதா, டீசல் பம்ப் போய்விட்டதா, ஸ்டார்ட் ஆக உதவும் ஈதர் ஸ்ப்ரே அடிக்கலாமா, ஜனவரியில் முதலாளி இரண்டு வாரம் வெளியூர் போகும்போது தனியாக எப்படிச் சமாளிப்பது என்று கேட்கிறார்.

பேட்டரியும் போகவில்லை, பம்பும் போகவில்லை. உங்கள் டீசல் மெழுகு கட்டியிருக்கிறது. இந்தப் பகுதியில் டிராக்டர் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நவம்பர் கடைசியில் முதல் கடுங்குளிர் இறங்கும் வாரத்தில் எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச நேரம் ஓடி, வேலை கொடுத்ததும் அணைவது என்றால் சந்தேகத்துக்கு முதல் இடம் டீசல் பில்டர்.

நடந்தது என்னவென்றால், டீசலில் இயல்பாகவே பாரஃபின் மெழுகு கரைந்திருக்கிறது. அது வேண்டாத பொருள் கிடையாது, நன்றாக எரியக்கூடியது. ஆனால் குளிர் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் அந்த மெழுகு கண்ணுக்குத் தெரியாத சிறு படிகங்களாகப் பிரிய ஆரம்பிக்கிறது, தெளிவாக இருந்த டீசல் மங்கலாகிறது. இதை மேகநிலை என்பார்கள். அந்த நிலையில் டீசலைச் சாய்த்தால் தண்ணீர்போல ஊற்றும். அதனால்தான் டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். டேங்கில் பிரச்சினை தெரியாது. பில்டரின் துளைகள் சில மைக்ரான் அளவே இருப்பதால் படிகங்கள் அங்கே போய்ப் படிந்து, தாள் முழுவதும் மெழுகு பூசிவிடுகிறது. இன்னும் குளிர்ந்தால்தான் டீசல் மொத்தமும் கூழாகி ஓடாமல் நிற்கும். அதற்கு ஊற்றுநிலை என்று பெயர். நீங்கள் ஊற்றுநிலை வரை போகவே இல்லை, மேகநிலைக்கும் அதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டீர்கள்.

பத்து நிமிடம் ஏன் ஓடியது? பிளாக் ஹீட்டர் இரவெல்லாம் இன்ஜினைச் சூடாக வைத்திருந்தது. பில்டர் இன்ஜினோடு ஒட்டியே இருப்பதால் அதற்குள் இருந்த டீசல் தெளிவாக இருந்தது. அதை வைத்து ஸ்டார்ட் ஆனது. பிறகு டேங்கிலிருந்து மைனஸ் 28-ல் கிடந்த டீசல் வர வர, படிகங்கள் ஒவ்வொரு லிட்டருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பில்டரில் சேர்ந்தன. சும்மா ஓடும்போது இன்ஜினுக்கு டீசல் குறைவாகத்தான் தேவை, அடைத்த பில்டர் வழியாக அவ்வளவு கிடைத்தது. பேலைத் தூக்கி இழுத்ததும் தேவை கூடியது, கிடைக்கவில்லை, மூச்சு முட்டி நின்றது. இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் சூடான டீசல் டேங்கைச் சூடாக்கத்தான் செய்யும், ஆனால் நூறு இருநூறு லிட்டர் டேங்க் சூடேற அந்தப் பத்து நிமிடம் போதாது.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி, அந்த டீசல் எப்போது வாங்கியது என்பதுதான். பெட்ரோல் பங்க்கில் ஜனவரியில் போடும் டீசல் அந்த வட்டாரக் குளிருக்கு ஏற்றபடியே வரும். கனடாவில் சுத்திகரிப்பு ஆலைகள் மாதத்துக்கு மாதம், பகுதிக்குப் பகுதி கலவையை மாற்றி அனுப்புகின்றன. பண்ணையின் பின்பக்கம் நிற்கும் பெரிய டேங்குக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆகஸ்டில் அறுவடைக்காக நிரப்பியதில் மிச்சம் ஆயிரம் லிட்டர் கிடக்கும், அதன்மேல் நவம்பரில் ஐந்நூறு லிட்டர் குளிர்கால டீசல் ஊற்றுவார்கள், ‘வின்டர் டீசல்தான் போட்டிருக்கிறேன்’ என்று உங்கள் முதலாளி மனசாரச் சொல்வார். சாயத்தை வைத்தும் ஏமாற வேண்டாம். பண்ணை டீசலில் இருக்கும் நிறம் வரிவிலக்கு பெற்றது என்பதைக் காட்டத்தான். அது கோடைச் சரக்கா குளிர்காலச் சரக்கா என்று அதில் தெரியாது.

சந்தேகம் தீர எளிய வழி ஒன்று இருக்கிறது. ஊறுகாய் பாட்டில் மாதிரி சுத்தமான, நன்றாக உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் பண்ணை டேங்கிலிருந்து கால் லிட்டர் டீசல் பிடியுங்கள். மூடி போட்டு, வெளியில், டிராக்டருக்குப் பக்கத்தில், ஒரு பழைய தெர்மாமீட்டரோடு இரவு வைத்துவிடுங்கள். காலையில் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். அந்தப் பக்கம் வைத்த செய்தித்தாள் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அந்தக் குளிர்வரை கவலையில்லை. பால் கலந்த மாதிரி மங்கியிருந்தால் அந்த டீசலோடு அன்று வெளியே போகாதீர்கள். அடியில் வெள்ளையாகச் சோறு வடித்த கஞ்சிபோலத் தங்கியிருந்தால் அது மெழுகு. உருண்டு ஓடும் கண்ணாடி மணிபோல, அல்லது பனிக்கட்டித் துணுக்காக இருந்தால் அது தண்ணீர். தண்ணீரும் இதே வேலையைச் செய்யும், பில்டருக்கு முன்னால் இருக்கும் கிண்ணத்தில் உறைந்து வழியை அடைத்துவிடும். சில நேரம் நாங்கள் மெழுகு என்று நினைத்துப் போய், கழற்றிப் பார்த்தால் பனிக்கட்டி இருக்கும். அதனால் நீர் பிரிப்பான் கிண்ணத்தின் அடித்திருகை வாரம் ஒருமுறை, இன்ஜின் சூடாக இருக்கும்போது திறந்து வடித்துவிடுங்கள். வேலை முடித்ததும் டிராக்டர் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காலி இடம் குறைந்தால் உள்ளே வியர்க்கும் நீரும் குறையும்.

நம் ஊரில் இதைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் சாதாரண டீசலுக்கான தர விதியிலேயே குளிர்கால ஊற்றுநிலை 3 டிகிரி வரை இருக்கலாம், கோடையில் 15 வரை போகலாம். கும்பகோணத்துக்கு அது தாராளம். லடாக்கில் அதே டீசல் உறைந்து லாரிகள் நின்றதால், 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் பானிபட் ஆலையிலிருந்து மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை அங்கே அனுப்ப ஆரம்பித்தது. உங்கள் பண்ணையில் அந்த மைனஸ் 33-ம் சில நாட்களில் போதாது. மைனஸ் 40 இங்கே அபூர்வம் கிடையாது.

எனவே பண்ணை டேங்கில் கோடைச் சரக்கு கலந்திருந்தால் மூன்று வழிகள். முதல் வழி, மெழுகு குறைந்த ‘நம்பர் ஒன்’ டீசலோ மண்ணெண்ணெயோ கலப்பது. பத்தில் ஒரு பங்கு கலந்தால் மேகநிலை ஏறக்குறைய 2 டிகிரி இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், மைனஸ் 10-ல் மங்கும் டீசலை மைனஸ் 30-க்குக் கொண்டுபோவதென்றால் கிட்டத்தட்ட முழுசாகவே மாற்ற வேண்டும். ஒரு கேன் ஊற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. இரண்டாவது, கடையில் விற்கும் குளிர்கால மருந்து. அது மெழுகு உண்டாவதைத் தடுக்காது. படிகம் பெரிதாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் மெழுகு உண்டாவதற்கு முன்பே, டீசல் சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். மங்கிப்போன டீசலில் ஊற்றினால் காசுதான் கரையும். மூன்றாவது, என்னைக் கேட்டால் நல்ல வழி, கோடை டீசலை செப்டம்பர், அக்டோபர் வேலையிலேயே ஓட்டித் தீர்த்துவிட்டு டேங்கைக் காலியாக்கி, முழு லோடு குளிர்காலச் சரக்கு வாங்குவது. இந்த வருடத்துக்கு அது தாமதமாகிவிட்டது. ஆகவே மாடுகளுக்குத் தீனி வைக்கும் அந்த ஒரு டிராக்டருக்கு மட்டும் பங்க்கிலிருந்து கேனில் நல்ல டீசல் தனியாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பண்ணை டேங்கில் மிச்சமிருப்பது ஏப்ரல்வரை அங்கேயே கிடக்கட்டும்.

பெட்ரோல் கலக்கச் சொல்பவர்கள் அங்கேயும் இருப்பார்கள். பழைய இன்ஜின்களின் கையேடுகளில்கூட அந்த யோசனை உண்டு. இன்றைக்கு அதைச் செய்யாதீர்கள். தீப்பிடிக்கும் அபாயம் ஒரு பக்கம். இப்போது வரும் கந்தகம் நீக்கிய டீசலுக்கு வழவழப்பு ஏற்கனவே குறைவு, பெட்ரோல் சேர்த்தால் உயர் அழுத்த பம்ப் உராய்ந்து போய்விடும். அந்த பம்பின் விலையில் நல்ல பழைய கார் ஒன்று வாங்கலாம்.

வழியில் நின்றுபோன வண்டியை எப்படி மீட்பது? திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்து பேட்டரியைத் தீர்ப்பதில்தான் எல்லோரும் முதல் அரைமணி நேரத்தை வீணாக்குகிறார்கள். வேண்டாம். இன்னொரு டிராக்டரால் மெதுவாகக் கொட்டகைக்குள் இழுத்துச் செல்லுங்கள். ஹீட்டர் போட்டு டேங்க், குழாய், பில்டர் எல்லாம் சூடேற விடுங்கள். சூடானால் மெழுகு திரும்பக் கரைந்துவிடும், டீசல் கெட்டுப்போவதில்லை. கொட்டகை இல்லையென்றால் பில்டரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். வீட்டுக்குள் வெதுவெதுப்பில் வைத்திருந்த புது பில்டரை மாட்டி, கையால் அடிக்கும் பம்பில் காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் வீடுவரை வந்துசேரும். பழைய வகை இன்ஜினில் பில்டருக்குள் நல்ல டீசலை ஊற்றி நிரப்பி மாட்டலாம். காமன் ரெயில் எனப்படும் உயர் அழுத்தப் புது வகை இன்ஜினில் அப்படி ஊற்றாதீர்கள், ஒரு தூசு போனாலும் இன்ஜெக்டர் காலி. குழாய்க்கோ டேங்குக்கோ நெருப்பு காட்டாதீர்கள். இந்தக் காலத்தில் அப்படிச் செய்வார்களா என்று கேட்காதீர்கள். புரொப்பேன் டார்ச்சோடு நிற்பவர்களை இங்கே ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கலாம்.

இனி ஸ்டார்ட் செய்யும் விஷயம். உங்களுக்கு அன்று ஸ்டார்டிங்கில் குறையில்லை, ஆனால் ஜனவரியில் வரலாம்.

டீசல் இன்ஜினுக்குப் பொறி தரும் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை அமுக்கும் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 25 டிகிரியில் இருக்கும் காற்றைப் பதினேழு மடங்கு அமுக்கினால் அது 400 டிகிரியைத் தாண்டும். மைனஸ் 30 காற்று அதே அமுக்கலில் 300-ஐ எட்டவே திணறும். அந்தக் கொஞ்சச் சூட்டையும் பனியாய்க் கிடக்கும் சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. ஆயில் தார்போல இறுகியிருப்பதால் இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது, மெதுவாகச் சுற்றினால் அமுங்கும் காற்று ரிங் வழியாகக் கசிய நேரம் கிடைக்கிறது. அதே நேரம் பேட்டரியும் பாதி பலத்தில் இருக்கிறது. நான்கும் ஒரே காலையில் சேர்ந்து வருவதுதான் தொல்லை.

பிளாக் ஹீட்டர் இந்த நான்கில் மூன்றைச் சரிசெய்துவிடும். கூலன்டைச் சூடாக்கி அதன் வழியாக இன்ஜினைச் சூடாக்கும் மின்கம்பி அது. உங்களுக்குப் பக்கத்து மாநிலம் மாதிரியான அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் 1949-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருடையது இன்ஜினின் மேல்மூடியை இறுக்கும் ஹெட் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுகிற வகை. அதற்கு முன்பெல்லாம் இந்தச் சமவெளியில் ராத்திரி ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, காலையில் அடுப்பில் காய்ச்சி ஊற்றுவார்கள். டீசல் டிராக்டர் வந்த புதிதில் கம்பெனிகள் செய்த வித்தைகளும் ரசிக்கத்தக்கவை. ஜான் டியர் 1949-ல் கொண்டுவந்த ‘ஆர்’ மாடலில் பெரிய டீசல் இன்ஜினைச் சுற்றிவிட இரண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்று தனியாக இருந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் ‘ஃபார்மால் எம்.டி.’ பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறிய பிறகு லீவரைத் தள்ளினால் டீசலுக்கு மாறும். பிரிட்டனின் ‘ஃபீல்டு மார்ஷல்’ டிராக்டரைத் துப்பாக்கித் தோட்டா வைத்துச் சுத்தியலால் தட்டி ஸ்டார்ட் செய்யலாம்.

ஹீட்டரை ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டியதில்லை. மூன்று, நான்கு மணி நேரம் போதும், டைமர் வைத்து அதிகாலை மூன்று மணிக்கு ஆன் ஆகும்படி செய்யுங்கள். மைனஸ் 35-க்குக் கீழே என்றால் மட்டும் இரவு முழுக்க விடுங்கள், அப்போது மின்கட்டணத்தைப் பார்க்க வேண்டாம். ஆனால் அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளக்கில் செருகியிருப்பதற்கும் சூடாவதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகும் நாட்கள் உண்டு. செருகி ஐந்து நிமிடத்தில் இன்ஜின் பக்கம் காதை வைத்தால், தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் முன் பாத்திரம் முணுமுணுக்கும் அந்தச் சத்தம் கேட்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு அதன் இரண்டு தட்டை முனைகளுக்கு நடுவில் ஓம்ஸ் பாருங்கள். 120 வோல்ட்டில் 1000 வாட் ஹீட்டருக்கு 14 ஓம்ஸ் சுமாராக வரும். முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது அல்லது ஒயர் எங்கோ ஒடிந்திருக்கிறது. பெரும்பாலும் ஒயர்தான், குளிரில் விறைத்து முனையில் முறியும்.

1000 வாட் என்றால் எட்டு ஆம்புக்கு மேல் இழுக்கும். கிறிஸ்துமஸ் விளக்குக்கு வாங்கிய மெல்லிய நீட்டிப்பு ஒயரில் அதை மாட்டினால் சூட்டில் ஒரு பங்கு ஒயரிலேயே போகும், பிளக் உருகும். நல்ல தடிமனான, வெளி உபயோகத்துக்கான ஒயர் வேண்டும். ஒரே 15 ஆம்ப் சர்க்யூட்டில் இரண்டு டிராக்டரை மாட்டினால் நடு ராத்திரி பிரேக்கர் விழும், காலையில் இரண்டுமே ஸ்டார்ட் ஆகாது. மாட்டிய பிறகு பிரேக்கர் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுப் படுக்கப் போங்கள்.

ஹீட்டர் சரிசெய்யாத நான்காவது பேட்டரி. நிறைய சார்ஜ் உள்ள பேட்டரியின் அமிலம் மைனஸ் 60 சுமார் வரை உறையாது. முழுசாக இறங்கிப்போன பேட்டரி மைனஸ் 8, 10-லேயே உறைந்துவிடும், ஏனென்றால் அப்போது உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர். பக்கவாட்டில் உப்பியிருக்கும் பேட்டரிக்கு ஜம்பர் ஒயர் போடவே கூடாது. உறைந்த பேட்டரியில் மின்சாரம் செலுத்தினால் வெடிக்கும், முகத்தில் அமிலம் தெறிக்கும். உள்ளே கொண்டுபோய் உருகவைத்து, விரிசல் இல்லை என்று பார்த்த பிறகுதான் சார்ஜ். பெரிய டிராக்டர்களில் இரண்டு பேட்டரி இணையாக இருக்கும், அதில் ஒன்று கெட்டால் மற்றதையும் இழுத்துவிடும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். லேபிளில் ‘கோல்டு கிராங்கிங் ஆம்ப்ஸ்’ என்ற எண்ணைப் பாருங்கள், மைனஸ் 18-ல் அந்த பேட்டரி முப்பது வினாடி தரக்கூடிய மின்னோட்டம் அது. அதே அளவுப் பெட்டியில் அந்த எண் கூடுதலாக இருப்பதை வாங்கலாம். ஆனால் புது பேட்டரி வாங்கும் முன் டெர்மினலையும் எர்த் பட்டையையும் கழற்றித் தேய்த்துப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த ஒரு எர்த் பட்டை, நல்ல பேட்டரியைக் கெட்டது என்று சொல்லவைக்கும்.

ஸ்டார்ட் செய்யும்போது கிளட்சை முழுக்க மிதியுங்கள். பல டிராக்டர்களில் பாதுகாப்பு சுவிட்சுக்காக எப்படியும் மிதிக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டாலும் மிதியுங்கள். கியர் பெட்டிக்குள் இருக்கும் ஆயில் தேன்போல இறுகியிருக்கும், கிளட்ச் விட்டிருந்தால் செல்ஃப் மோட்டார் அதையும் சேர்த்துக் கலக்க வேண்டும். பத்துப் பதினைந்து வினாடி சுற்றிவிட்டு நிறுத்தி, இரண்டு நிமிடம் இடைவெளி கொடுங்கள். அப்போது சைலன்ஸரைக் கவனியுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றச் சூடு போதவில்லை என்று அர்த்தம். ஹீட்டர் பிளக்கையோ (சிலிண்டருக்குள் சூடேற்றுவது) இன்டேக் ஹீட்டரையோ (உள்ளே போகும் காற்றைச் சூடாக்குவது) பாருங்கள், பிளாக் ஹீட்டரை இன்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள். நன்றாகச் சுற்றுகிறது, புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை, பில்டர் பக்கம் போங்கள். சுற்றவே முக்கினால் பேட்டரி, ஆயில் இரண்டில் ஒன்று.

ஈதர் பற்றிக் கேட்டீர்கள். ஹீட்டர் பிளக்கோ இன்டேக் ஹீட்டரோ உள்ள இன்ஜினில் அடிக்காதீர்கள், பேச்சே இல்லை. ஈதர் 160 டிகிரியிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். பழுத்துச் சிவந்த ஹீட்டர் மேல் அது பட்டால் இன்டேக் குழாயிலேயே வெடிக்கும். அந்த இரண்டும் இல்லாத பழைய இன்ஜினில், இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும், ஒரு வினாடிக்கும் குறைவாக ஒரு சிறு பீச்சு. கம்பெனியே அளந்து விடும் கருவியோடு பொருத்தித் தந்திருந்தால் அதை உபயோகிக்கலாம். ஈதருக்குப் பழகிய இன்ஜின் அது இல்லாமல் ஸ்டார்ட் ஆகாது என்று இங்கே சொல்வார்கள். இன்ஜின் போதைக்கு அடிமையாகிவிடுவதாக அர்த்தமில்லை. அளவில்லாமல் அடித்ததில் பிஸ்டனின் ரிங் இடுக்குகள் உடைந்து, அமுக்கம் குறைந்து, பிறகு ஈதர் இல்லாமல் நிஜமாகவே முடியாமல் போகிறது. உங்கள் டிராக்டரில் எது இருக்கிறது என்று தெரியாதவரை அந்த டப்பாவைத் தொடாதீர்கள்.

ஆயில் விஷயத்தில் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 20டபிள்யூ-40 என்ற தடிமன் தரம் ஊரில் சரி. இங்கே கோடைக்குப் போடும் 15டபிள்யூ-40 கூட, மைனஸ் 25-ல் பம்ப் இழுக்கிறதா என்று சோதிக்கப்பட்ட தரம்தான். அதற்குக் கீழே அதற்கு உத்தரவாதமில்லை. ஸ்டார்ட் ஆனாலும் டர்போ பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர நேரமாகும். 5டபிள்யூ-40 சின்தடிக் மைனஸ் 35 வரையும், 0டபிள்யூ-40 மைனஸ் 40 வரையும் அதே சோதனையில் தேறியவை. உங்கள் முதலாளி விலையைப் பார்த்துத் தயங்கினால் தீனி வைக்கும் டிராக்டர் ஒன்றுக்காவது மாற்றச் சொல்லுங்கள், மற்றவை தூங்கட்டும்.

ஸ்டார்ட் ஆன பிறகு எவ்வளவு நேரம் சும்மா ஓட்டுவது? ஐந்து முதல் பத்து நிமிடம், ஆயிரம், ஆயிரத்து இருநூறு சுற்றில். அரைமணி நேரம் குறைந்த சுற்றில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகும் பழக்கம் வேண்டாம். டீசல் இன்ஜின் சும்மா ஓடிச் சூடேறாது. மைனஸ் 30-ல் சும்மா ஓடினால் குளிர்ந்தே போகும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் போய்ச் சேரும், சைலன்ஸரில் கறுப்பாகச் சொட்டும். புது டிராக்டரில் புகை வடிகட்டி கரியால் நிரம்பிவிடும். ரேடியேட்டர் முன்பக்கம் துணி மறைப்பு மாட்டிக்கொள்ளுங்கள். மெதுவாக நகர ஆரம்பியுங்கள், லேசான வேலை கொடுங்கள், அதுதான் சூடேற்றும்.

ஹைட்ராலிக் ஆயில் இன்ஜினைவிடத் தாமதமாகத்தான் சூடாகும். பின்பக்கத்திலிருந்து நரி ஊளையிடுவது மாதிரி சத்தம் வந்தால் பம்புக்கு ஆயில் கிடைக்கவில்லை. ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருகாதீர்கள், முன்னால் பேல் தூக்கும் லோடரை வேகமாகத் தூக்காதீர்கள், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றும் பி.டி.ஓ.வைப் போடாதீர்கள். லோடரை மெல்ல ஏற்றி இறக்கி, சத்தம் அடங்கிய பிறகு பேலுக்குப் போங்கள். 600 கிலோ பேலை மேலே வைத்துக்கொண்டு, விறைத்த ஹோஸ் ஒன்று வெடித்தால் அங்கே நிற்பவர் யார் என்று யோசியுங்கள்.

யாரும் சொல்லாத இடம் ஒன்று, இன்ஜினின் மூச்சுக் குழாய். வால்வ் கவரிலிருந்து கீழே தொங்கும் அந்த ரப்பர் குழாயின் முனையில் உள்ளிருந்து வரும் ஈரக்காற்று பட்டு உறைந்து, நாளுக்கு நாள் பனி வளர்ந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறும், கடைசியில் டிப் ஸ்டிக் எகிறும், அல்லது பின்பக்க கிராங்க் சீல் பிய்த்துக்கொண்டு ஆயில் முழுவதையும் பனியில் கொட்டும். தினம் காலையில் அந்த முனையை விரலால் தொட்டுப் பாருங்கள், கையுறையோடு. பனி இருந்தால் தட்டிவிடுங்கள்.

கூலன்டில் எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 37 வரை தாங்கும், 60-க்கு 40 என்றால் மைனஸ் 52. அதற்காகச் சுத்தமான கிளைகாலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், தனியாக அது மைனஸ் 13 சுமாரிலேயே உறையும். புகையைச் சுத்தமாக்கும், டி.இ.எஃப். எனப்படும் யூரியா கரைசல் உள்ள புது டிராக்டராக இருந்தால், அது மைனஸ் 11-ல் உறைவது இயல்பு. டேங்குக்குள்ளேயே சூடேற்றும் வசதி இருக்கிறது, உறைந்திருந்தாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். அதில் எந்த மருந்தும் கலக்காதீர்கள். சாவியைத் திருப்பி அணைத்ததும் ஓரிரு நிமிடம் அந்த பம்ப் குழாயிலுள்ள கரைசலை டேங்குக்குத் திருப்பி இழுக்கும், அந்தச் சத்தம் நிற்கும்வரை பேட்டரி மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். இல்லையென்றால் குழாயில் மிஞ்சியது உறைந்து அதைப் பிளக்கும்.

டிராக்டரை ஈரச் சாணியிலோ சேற்றிலோ நிறுத்தாதீர்கள். டயர் தரையோடு உறைந்துவிட்டால், அதை உலுக்கிப் பிடுங்குவதில் ஆக்ஸில் போகும். நான்கு பலகை போட்டு மேலே நிறுத்துங்கள். வானொலியில் ‘காற்றோடு சேர்த்து மைனஸ் 45’ என்று சொன்னால் அது உங்கள் தோலுக்கான கணக்கு. டீசலும் கூலன்டும் நிஜ வெப்பநிலைக்குக் கீழே போகாது. காற்றில் சீக்கிரம் ஆறிப்போகும் என்பதால் சுவரோரம் காற்று மறைவில் நிறுத்தினால் மட்டும் போதும். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டு நிற்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

முதலாளி போகும் முன் அவரிடம் கேட்டு வாங்கி வைக்க வேண்டியவை: இரண்டு டீசல் பில்டர் (வீட்டுக்குள், அதைக் கழற்றும் ஸ்பேனரோடு), பங்க்கில் பிடித்த நல்ல டீசல் இரண்டு கேன், பேட்டரி சார்ஜர், தடித்த ஒயர், பில்டர் மாற்றிக் காற்று எடுப்பதை உங்கள் கையால் ஒருமுறை செய்துபார்க்க அவருடைய ஒரு மணி நேரம். பக்கத்துப் பண்ணைக்காரரின் போன் எண்ணும் வேண்டும். கூப்பிடத் தயங்காதீர்கள், இங்கே குளிரில் உதவி கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

டிராக்டரின் மாடலையும், இன்டேக் குழாயில் ஒயர் போகும் கறுப்புப் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்பதையும், பாட்டில் சோதனையில் எத்தனை டிகிரியில் மங்கியது என்பதையும் எழுதுங்கள் தம்பி. எந்த பில்டர், எந்த ஆயில் என்று எண்ணோடு சொல்கிறேன்.